அத்தையிடம் மட்டும் கேட்ட அடையாளம்

என் சித்தப்பா பத்தாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தோற்ற கோடையில், ஊழியம் செய்ய ஆண்டவர் தன்னை அழைத்துவிட்டதாக அறிவித்தார். அழைத்தது ஆண்டவர்தான் என்பதற்கு யாரும் அடையாளம் கேட்கவில்லை. அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்து, மம்சாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கொடுத்தார். ஊழியப் பயிற்சிக்குப் போன சித்தப்பா, அங்கே சாப்பாடு சரியில்லை என்று எட்டே மாதத்தில் திரும்பி வந்தார். அதன்பின் அந்த அழைப்பைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடம் கழித்து, எனக்குப் பத்து வயதானபோது, அதே வீட்டில் அத்தையிடம் அடையாளம் கேட்டார்கள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்காள். கணவர் இறந்தபின் எங்களோடு இருந்தார். காலை பஸ்ஸில் ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்குப் போவார். நாள் முழுக்க விசைத்தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். "ஏட்டி, இங்க தறி ஓடல" என்று அப்பா அதட்டுவார்.

வேலை முடிந்து வரும் வழியில், படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போய் ஜெபம் செய்துவிட்டு வருவது அத்தையின் வழக்கம். போதகர் இதைக் கவனித்திருக்கிறார். பெண்கள் ஞாயிறு என்பது வருடத்தில் ஒரு நாள், பெண்களே ஆராதனை நடத்தும் நாள். அதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்துப் பிரசங்கம் செய்யச் சொல்வதுதான் எங்கள் சபையின் பழக்கம். அந்த வருடம் அத்தை பேசட்டும் என்றார் போதகர்.

கமிட்டி முனகியது. செயலாளர் அப்பாதான். அங்கே சொன்னதை வீட்டிலும் ஒருமுறை சொன்னார்: "தங்கச்சிங்கிறதுக்காகச் சொல்லல, பொதுவாத்தான் சொல்லுதேன். எட்டாப்பு படிச்சவ, அங்க நின்னு உளறிட்டா சபைக்குத்தான அசிங்கம்?"

அத்தையும் தலையாட்டினார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அண்ணன் சொல்லுததும் சரிதான் மதினி" என்றார் என் அம்மாவிடம். "தறியில நிக்கையிலயும் பேசு, பேசுன்னு உள்ள கேட்டுக்கிட்டே இருக்கு. ஆனா அது ஆண்டவரா, இல்ல என் ஆசையா? எனக்கென்ன தெரியும்."

அப்பா ஒரு வழி சொன்னார். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் இருக்கும். அந்த வருடத்துக்கு அதுவே வாக்கு. மீந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் எங்கள் வீட்டில் கிடக்கும். மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை, தெருவில் பலரும் அதில் அட்டை எடுத்துப் பார்த்தே முடிவு செய்தார்கள். போதகர் கண்டித்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா சொன்னது இதுதான்: பெண்கள் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, குடும்ப ஜெபம் முடிந்ததும் அத்தை ஓர் அட்டை எடுக்க வேண்டும். பேசச் சொல்லி வந்தால் பேசலாம்.

அன்று மதியம் வீட்டில் ஆள் இல்லாதபோது டின்னைத் திறந்தேன். போ, சொல், பயப்படாதே என்ற பொருளில் இருந்த பதினோரு அட்டைகளை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் என் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்தேன். பாவம் என்று தோன்றவில்லை. நியாயம் என்றே தோன்றியது.

மாலையில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அப்பா வாங்கி வாசித்தார். களஞ்சியங்கள் நிரம்பும் என்றது அட்டை. ஈரத்தில் அது இன்னோர் அட்டையின் முதுகோடு ஒட்டிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

"களஞ்சியமா? நமக்கு ஒரு சென்ட் நெலம் கெடையாதே" என்றார் அம்மா.

"ஆண்டவர் சித்தம் தெரிஞ்சு போச்சு" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் கத்திவிட்டேன். "அது தப்பா வந்திருச்சு! வேற எடுங்கத்த! எத எடுத்தாலும் பேசத்தான் சொல்லும்!"

அப்பா டின்னைக் கவிழ்த்து நாலைந்து அட்டைகளை வாசித்தார். பிறகு என் காதைப் பிடித்துத் திருகினார். அத்தை தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். தரையில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதியில் சிரிப்பை நிறுத்தினார்.

"தம்பி போகும்போது எந்த அட்டைண்ணே வந்துச்சு?"

சித்தப்பா எழுந்து வாசல் பக்கம் போனார். "அது வேற, இது வேற" என்றார் அப்பா.

"எனக்கு பயம் போகலண்ணே. போற மாதிரியும் தெரியல. கை உதறும், கத்தித்தான் பேசுவேன். ஆனா நாளைக்கு நாந்தான் பேசுதேன்."

"அடையாளம் வரலயேட்டி?"

"வரலதான். மொதல்ல புள்ள காத விடுங்க."

மறுநாள் அத்தை கையில் இருந்த தாள் நடுங்கியது கடைசி பெஞ்சு வரை தெரிந்தது. முதல் இரண்டு நிமிடம் அதைப் பார்த்து முணுமுணுத்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, மைக்கையும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேசினார். கமிட்டிக்காரர்கள் இருவர் டீ குடிக்க வெளியே போனார்கள். பக்கவாதத்தில் கிடந்த ஒரு பெரியவர், ஜெபம் பண்ணப் போன தன்னிடம், "ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, செத்த நேரம் பக்கத்துல உக்காரு, போதும்" என்றதை அத்தை சொன்னபோது, பெண்கள் வரிசையில் பலர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள்.

எனக்கு மட்டும் கோபம் தீரவில்லை. அடையாளம் இல்லாமலே பேசப் போகிறவர், அதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் காதாவது தப்பியிருக்குமே என்று பொருமிக்கொண்டிருந்தேன். அத்தையைப் பார்க்கப் பிடிக்காமல் ஆண்கள் பக்கம் திரும்பினேன். இரண்டாம் வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடியும்வரை அவர் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. ஜெபம் பண்ணுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.