அண்ணியின் வட்டத் தகடு

பெயிண்டில் எழுத்துப் பதிக்கும் அந்தத் துத்தநாகத் தகடு இன்னும் என் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. நடுவில் ஆங்கில 'ஓ' எழுத்து, இரண்டு பிறைகளாக வெட்டப்பட்டது. பிறைகள் சேராதபடி மேலும் கீழும் ஒரு துண்டுத் தகடு. "இந்தப் பாலம் ரெண்டும் இல்லன்னா நடுவயிறு விழுந்துரும்லா புள்ள" என்பார் அண்ணி.

எழுபதுகளின் கடைசியில் அண்ணி எங்கள் ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் கட்டுகளுக்கு முத்திரை எழுத்துப் போட்டார். நான் பால்மரம் சீவினேன். நேர்கோடும் வட்டமும் மட்டுமே கொண்ட எழுத்துகள். சுழிப்பு, நெளிவு எதுவும் கிடையாது. "எவன் போட்டாலும் ஒரே மூஞ்சிதான்" என்று கேலி செய்வார். அது பொய். மற்றவர்கள் போட்டால் பெயிண்ட் தகட்டுக்கடியில் கசிந்துவிடும். அண்ணி பிரஷை நன்றாகத் துடைத்துவிட்டுச் செங்குத்தாகக் குத்துவார். ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் நிற்கும். அந்தக் கையைப் பார்த்து எனக்குப் பொறாமை.

தோட்டம் கைமாறிய மாதம், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி இந்தத் தகட்டை அண்ணியிடம் கொடுத்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கதவுகளில் எல்லாம் போடச் சொன்னார். கரண்டு வரப்போகிற வீடுகளுக்கு அதுதான் அடையாளம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பெண்கள் அந்த வட்டத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். நானும் வைத்தேன், பைத்தியக்காரி. மாட்டுக் கொட்டகைக்கும் போடச் சொன்னபோதுதான் அண்ணி நின்றார்.

"மாட்டுக்கு எதுக்குங்க கரண்டு?"

கிராணி பெயிண்ட் டின்னை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணி பிரஷை வழக்கம்போல் நன்றாகத் துடைத்தார். பிறகு போட்டார். அடுத்தது எங்கள் கதவு.

மழை விட்டதும் புல்டோசர் வந்தது. வட்டம் போட்டிருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. குங்குமப் பொட்டோடு கதவுகள் சேற்றில் கிடந்தன. அண்ணியை யாரும் திட்டவில்லை. அவர் மொண்டு நீட்டிய தண்ணீரை வாங்காமல் நகர்ந்துபோனார்கள். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார்.

இப்போது குனோங் ராபாட் என்ற ஊரில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். போன வாரம் காலையில் எழுந்து பார்த்தால், எங்கள் வரிசையில் எல்லாக் கேட்டிலும் சிவப்பில் அதே 'ஓ', அதே இரண்டு பிறைகள். யார் போட்டார்கள், எதற்கு என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தகட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அண்ணி எழுத்தின் ஓரத்தை விரலால் தடவினார். பெயிண்ட் கசிந்திருந்தது.

"போட்டவனுக்குக் கை நடுங்கியிருக்கு புள்ள" என்றார். தகட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்கு நடுங்கல."