ஒரு டாலர் பெட்டி

என் கணவர் டெல்பர்ட் கிராட்ஸ் எதற்கும் முழு விலை கொடுத்ததில்லை. டொலீடோவில் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருக்கிறார். பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட பழைய கார்டுகளைச் சேர்ப்பதிலும் அப்படித்தான். எழுபத்தொன்றாம் வருடத்துச் செட்டில் எழுநூற்று ஐம்பத்திரண்டு கார்டுகள். இருபது வருடமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எந்தக் கார்டுக்கும் இரண்டு டாலருக்கு மேல் தரவில்லை என்பதைச் சர்ச்சுக்குப் போனால்கூடச் சொல்லிக்கொள்வார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. யாருக்கும் நினைவில்லாத, மாற்று ஆட்டக்காரராக இருந்த ஒரு கேட்சரின் கார்டு.

அந்த வருடத்துக் கார்டுகளுக்கு ஓரம் கறுப்பு. லேசாக உரசினாலே கறுப்பு உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை பல்லிளிக்கும். அதை மறைக்கச் சிலர், எச்சில் பட்டாலே விரலில் ஒட்டும் மார்க்கர் பேனாவால் தீட்டிவிடுவார்கள். திருடனைக்கூட டெல்பர்ட் மன்னிப்பார், இவர்களை மன்னிக்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலைய ஹாலில் கார்டு விற்கும் கண்காட்சி. உள்ளே நுழைந்ததுமே ஈர ஜாக்கெட் நாற்றமும் சில்லி ஹாட் டாக் நாற்றமும் சேர்ந்து குமட்டின. எந்தக் கார்டை எடுத்தாலும் ஒரு டாலர் என்று வைத்திருந்த பெட்டிகளைச் சுற்றிப் பெரிய பெரிய ஆண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு, கட்டைவிரலை நக்கி நக்கிக் கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நோரீன்!" டெல்பர்ட்டின் குரல் உடைந்தது. "கெடச்சிருச்சு!"

கார்டு வியாபாரி ரூடி வானெக்கின் பெட்டி அது. இருபது வருடப் பழக்கம். கார்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்த டெல்பர்ட்டின் முகம் கோணியது. கட்டைவிரலில் எச்சில் தொட்டு ஓரத்தைத் தேய்த்தார். விரல் கறுத்தது.

"த்தூ! என்ன ரூடி இது? பொணத்துக்கு மேக்கப் போட்ட மாதிரி தீட்டி வச்சிருக்க?"

"எச்சி வச்சுத் தேச்சா அது உன் கார்டு. டாலர எடு."

"பத்து காசு தரமாட்டேன். ஏமாத்துக்காரா!"

"நான் தீட்டலய்யா. மொத்தமா வாங்கினேன், அப்படியே போட்டேன். நாப்பது டாலர் கார்டு டாலர் பெட்டியில எதுக்குக் கெடக்குதுன்னு நெனச்ச? உன் அழகுக்கா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். டெல்பர்ட் என் மடியிலிருந்து ஆல்பத்தைப் பிடுங்கி மேஜையில் போட்டார்.

"இதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு தீட்டினதுன்னு காட்டு பாப்போம்."

"நீயே தேயேன், பெரிய மனுஷா."

ஒன்றை உருவித் தேய்த்தார். விரலில் புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை. "பாத்தியா!" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததைத் தேய்த்தார். மை கட்டைவிரல் ரேகையெல்லாம் இறங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் ஹாட் டாக்கைச் சத்தமாக மென்றுகொண்டே எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் குத்தலாம் போலிருந்தது எனக்கு.

வீட்டில் என் க்ரீம் நிற மேஜைவிரிப்பில், டெல்பர்ட் கார்டு அடுக்கும் மூலையில் மட்டும், வருடக்கணக்காகக் கறுப்புக் கறை. செய்தித்தாள் மை என்று நினைத்துத் துவைத்துத் துவைத்து அலுத்திருக்கிறேன். இருபது வருடம்!

"விடு டெல்பர்ட்," என்றார் ரூடி, குரலைத் தாழ்த்தி. "கார்ட வச்சிட்டுப் போ. டாலர் வேணாம்."

"தேச்சவன் நான்." டெல்பர்ட் ஒரு டாலரை எண்ணெய்த் துணியைப் போல நுனியில் பிடித்து நீட்டினார்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். அவர் வலது கையைத் தொடையில் படாமல் விரித்து வைத்திருந்தார்.

வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆல்பத்தை மேஜையில் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அந்தக் கேட்சரைக் காலியாக இருந்த உறையில் செருகினார்.

"செட் முடிஞ்சிருச்சு," என்றார், அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக்கிடக்கிறது என்று சொல்வதுபோல. பிறகு பாத்திர சோப்பை ஊற்றிக் கட்டைவிரலைத் தேய்க்க ஆரம்பித்தார்.

நான் ஆல்பத்தைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, கறை படிந்த அந்த மேஜைவிரிப்பை உருவினேன்.