உட்காராத அச்சு

என் முன்பற்கள் இரண்டும் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் போனவை. பெங்களூரில் நாங்கள் இருக்கும் மர்பி டவுன் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்ததில் போனவை. ரத்தத்தைத் துடைத்ததும் நான்தான். வேறு யார் துடைப்பார்கள்?

மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றதும் அவருக்கு மானம் ரோஷமெல்லாம் வந்துவிட்டது. போட்டோவில் நான் ஓட்டைப்பல்லோடு நிற்கக் கூடாதாம். அல்சூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். கம்ப்யூட்டரில் திட்டம் போட்டுத் தாடையில் பல் நடுவது அப்போது புதுசு. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து, பல்லைத் தாங்கும் ஸ்க்ரூ எங்கே, எவ்வளவு ஆழம் என்று திரையில் குறித்தார். அதன்படி ஒரு பிளாஸ்டிக் அச்சு வரும். மிச்சப் பற்கள்மேல் அதை மாட்டி, அதிலுள்ள துளை வழியாக டிரில் போட்டால் மயிரிழைகூட விலகாது என்றார்.

அச்சு வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பந்தி வீட்டார் கேட்டால் பாத்ரூம் கதையையே சொல்லச் சொன்னார் வீட்டுக்காரர். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நீங்களே சொல்லுங்களேன் என்றேன். ஹெல்மெட்டை எடுத்து அதே வாயில் அடித்தார், பாவி மனுஷன். வீக்கம் வடிய நாலு நாள் ஆயிற்று. மிச்சத்தைப் பவுடர் பூசி மறைத்தேன்.

ஆபரேஷன் அன்று, ஊசி போடுமுன் டாக்டரம்மா அச்சை வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. அழுத்தினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அவ்வளவுதான், அச்சு செய்த லேப்காரரைப் போனில் பிடித்துக் கன்னடத்தில் காய்ச்சி எடுத்தார். அளவு தப்பு, இனி உங்களுக்கு வேலையே கிடையாது என்றார். சரியாகத்தான் செய்தேன் என்று அந்த மனுஷர் கெஞ்சுவது எனக்கே கேட்டது. அவர் சொன்னது நிஜமென்று எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் வீட்டில் எனக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். நிச்சயதார்த்தமே நின்றாலும் நின்றுவிடும்.

"அவரைத் திட்டாதீங்க டாக்டர். பல்லுதான் நகர்ந்திருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஹெல்மெட்டால அடிச்சாரு. மொதல்ல போன ரெண்டும் அவர் அடிச்சதுதான்."

டாக்டரம்மா லேப்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பழைய படத்தோடு சேர்த்துப் பார்த்தார். பக்கத்துப் பல் உள்ளே தள்ளி நின்றது. எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். இருபது வருஷமாக வாங்கிய அடியில் யாராவது அளந்து எழுதியது அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும், முடிந்ததா என்று கேட்டு எழுந்தார் அவர். நான் ஆட்டோ பிடித்து, அந்தக் காகிதத்தோடு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

நிச்சயதார்த்த போட்டோவில் ஓட்டைப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் அதில் இல்லை.