பேட்டையில் செய்த பாலே ஷூ

ஞானையா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று இன்றைக்கும் சொல்வார். பேட்டைப் பட்டறையில் அவர் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிய மோட்டார், பாபநாசம் முதல் கொற்கை வரைக்கும் எந்தக் கிணற்றில் இறங்கினாலும் பத்து வருஷத்துக்குப் பழுதென்று மேலே ஏறாது. இந்த விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நிற்க ஆற்றின் இரண்டு கரையிலும் ஆளில்லை.

அப்பேர்ப்பட்டவருடைய மகள் பெர்சிஸ், கொடைக்கானல் விடுதிப் பள்ளியில் ஒரு வெள்ளைக்கார டீச்சரிடம் பாலே பழகி, உதவித்தொகை வாங்கிக்கொண்டு புடாபெஸ்ட் நடனப் பள்ளிக்குப் போய்விட்டாள். கால்விரல் நுனியில் நின்று ஆடுகிற ஆட்டம் அது. அங்கே ஞானையாவால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மனைவி எலிசபெத்தாவது பருப்புப்பொடி இடித்து மகளுக்கு அனுப்பினாள். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒருநாள் வீடியோ அழைப்பில் பெர்சிஸ் தன் ஷூவைக் காட்டினாள். நுனியை விரலால் அமுக்கினாள், உள்ளே போய்விட்டது.

“மூணு நாளுதாம்ப்பா. வேர்வை பட்டா செத்துரும். துணியும் பசையும் வச்சு ஒட்டுனதுதான.”

“என் மோட்டாரு மூணு நாளுல நின்னா ஊர்க்காரன் என்னைய விட்டு வைப்பானா?” என்றார் ஞானையா.

போன லீவில் அவள் போட்டுவிட்டுப் போன பழைய ஜோடியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். நுனிக்கு ஃபைபர் கொடுத்தார். அடியில் மெல்லிய இரும்புத் தகடு வைத்தார். சோதனை செய்யாமல் எதையும் அனுப்புகிறவர் அல்ல. முப்பது வருஷமாகக் கூட இருக்கும் மணிராஜ், அஞ்சு எச்.பி. மோட்டாரைத் தூக்கி அதன்மேல் வைத்தான். ஷூ அசையவில்லை.

“அண்ணாச்சி, பாப்பா நாப்பத்தஞ்சு கிலோ கூட இருக்காதே.”

“வளருத புள்ளலே.”

பார்சல் போய்ச் சேர்ந்த வாரம்தான் பெர்சிஸுக்குத் தேர்வு. வெள்ளிக்கிழமை சரியாக ஆடினால் அடுத்த வருஷமும் அங்கே; இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சொல்லிவைத்த புது ஷூ வந்து சேரவில்லை. கையில் இருந்தது செத்துப்போன ஒரு ஜோடிதான். அப்பா அனுப்பியதைப் போட்டுக்கொண்டு, செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஆடிக் காட்டினாள். டொக், டொக் என்றது.

“அப்பா, இது வளையவே மாட்டேங்கு.”

“வளையக் கூடாதுன்னுதான செஞ்சிருக்கேன்.”

“பாதம் வளையணும்ப்பா. குருவி வந்து உக்காருத மாதிரி சத்தமில்லாம இருக்கணும். இது வண்டி மாடு வருத மாதிரில்லா இருக்கு.”

எலிசபெத் எட்டிப் பார்த்தாள். “கொம்பு ரெண்டையும் அடுத்த பார்சல்ல அனுப்பிருங்க.”

பெர்சிஸ் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை எதைப் போட்டு ஆடுவேம்மா?” என்று கேட்டபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

ஞானையா அன்றைக்குச் சோற்றைப் பிசைந்ததோடு சரி. மறுநாள் மத்தியானம் பட்டறையில் மணிராஜ் ஒரு காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தான். அதில் சுற்றியிருந்த நாடா, காய்ந்ததும் எலும்பு மாதிரி இறுகியது. காயில் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து அவர் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. உடனே போனை எடுத்தார்.

“ஏட்டி, அந்தச் செத்த ஷூவத் தூரப் போட்டுராத. நுனிக்கு உள்ள மட்டும் பைய வார்னிஷ ஊத்திக் காய வையி. அடிப்பக்கம் படாமப் பாத்துக்கோ. அங்கன வளையட்டும்.”

அந்தப் பக்கம் பெர்சிஸ், “சரிப்பா,” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆடினாள். இன்னும் ஒரு வருஷம் உறுதியானது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கைகொடுக்க வந்த பாதிரி ஐயரை, ஞானையா காயில் கதையைக் கடைசிவரை கேட்கவைத்துத்தான் விட்டார். திங்கட்கிழமைக்குள் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது, ஐரோப்பாவுக்கே வார்னிஷ் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று.

செவ்வாய்க்கிழமை காலை இட்லி வைத்துக்கொண்டே எலிசபெத் சொன்னாள்: “உங்க மக, அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மான்னா. ஆனா எனக்கு வாயி நிக்க மாட்டேங்கு. முந்தின நாளு ராத்திரியே கூடப் படிக்குத புள்ள ஒருத்தி வார்னிஷ் பாட்டிலக் குடுத்து ஊத்தச் சொல்லிட்டாளாம். அங்க அது பழைய வழக்கமாம். நீங்க போன் போட்டப்போ ஷூ ஜன்னல்ல காஞ்சிக்கிட்டு இருந்திருக்கு.”

ஞானையா இரண்டு இட்லியைத் தின்று முடித்தார்.

“அந்தப் புள்ளைக்கு எந்த ஊரு?”

“போலந்துக்காரியாம்.”

“அவ அப்பனும் காயில் கட்டுதவனாத்தான் இருப்பான்,” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.