தாய்க்குளத்து மாப்பிள்ளைகள்

பொரிப்பகத்தில் அவரை ஊசிக்காரர் என்பார்கள். சினைமீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைப்பது அவர் வேலை. ஈரத்துணியில் மீனைச் சுற்றித் துடுப்பின் அடியில் அவர் குத்துவது மீனுக்கே தெரியாது என்று கேலி செய்வார் பண்ணைக்காரர். அந்தப் பண்ணைக்காரர் அவருடைய தங்கை கணவர்.

தலை பெருத்து மளமளவென்று வளரும் கெண்டைக்கு அங்கே பெயர் தலையன். தலை சிறுத்து, சதை ருசித்து, ஆடி அசைந்து வளர்வது செவப்பி. இரண்டையும் சேர்த்துக் கலப்பு மீனை உண்டாக்கியவர் ஊசிக்காரர்தான். தலையனின் வேகம், செவப்பியின் சதை; வெட்டினால் கழிவு குறைவு. வியாபாரிகள் கரையிலேயே தவம் கிடந்தார்கள். அவர் போட்ட கட்டுப்பாடு ஒன்றுதான்: கலப்பு சந்தைக்குப் போகலாம், முட்டைக்கென்று சுத்தமான செவப்பிகளை வளர்க்கும் தாய்க்குளத்துக்குப் போகக்கூடாது. சுத்தமான செவப்பி அழிந்தால் அடுத்த கலப்புக்கும் வழியில்லை.

மூன்று வருடம் முன்பு மகளின் பிரசவத்துக்காக அவர் வெளியூர் போயிருந்த பருவத்தில், ஊசியைத் தங்கை கணவர் கையில் எடுத்தார். வினை இப்போதுதான் வெளியே வந்தது. செவப்பிக் குஞ்சு வாங்கியவர்கள், பாதி தலை பெருத்தும் பாதி வளராமலும் நிற்பதாக வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

"மாப்ளே, கலப்புக்கா ஊசி போட்டீங்க?"

"கலப்புக்கு வாரிசே கிடையாதுன்னு நினைச்சேன் மச்சான். கோவேறு கழுதை மாதிரி."

"அப்புறம் எதுக்குய்யா ஊசி?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "கொழுகொழுன்னு இருந்துச்சு. போட்டுப் பாத்தேன். முட்டை வந்துச்சு. பொரிஞ்சதுல நல்லதாப் பாத்து வளத்து, தாய்க்குளத்துல விட்டேன்."

"நல்லதான்னா?"

"பெருசா."

கரையில் வாளியுடன் நின்ற தங்கை குறுக்கிட்டாள். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான் அண்ணா. 'அக்கா தங்கச்சி ரெண்டு பேர்ல உயரம் யாரு'ன்னுதான் கேட்டாரு."

"அதுல என்ன குறை வந்துச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்!" வலையோடு குளத்தில் இறங்கினார் ஊசிக்காரர்.

சுத்தமான செவப்பிக்குக் கீழுதட்டில் குஞ்சம் போல மடிப்பு இருக்கும். முதலில் வந்தவை சுலபமாக இருந்தன. தலையே காட்டிக் கொடுத்தது. பிறகு வந்தவைதான் உயிரை வாங்கின. உதடு செவப்பி, வயிறு தலையன். உடம்பெல்லாம் செவப்பி, கண் மட்டும் சந்தேகம். ஒன்றைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடம் மீன் பிடித்த கைக்கு விடை கிடைக்கவில்லை. ஈரத்துணியை ஓங்கிக் கரையில் அடித்தார்.

சந்தேகம் வந்ததெல்லாம் விற்பனைத் தொட்டிக்குப் போயிற்று. சாயங்காலம் சின்னத் தொட்டியில் உறுதியான செவப்பிகள் ஏழு நீந்தின. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஏழு இருக்கே, போதும் மச்சான்" என்றார்.

ஊசிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மார்புத் துடுப்பைத் தடவினார். ஆணுக்கு அங்கே அரம் போலச் சொரசொரக்கும், பெண்ணுக்கு வழவழக்கும். ஒன்று சொரசொரத்தது. அடுத்ததும். ஏழாவதும்.

மீனைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"நம்ம குடும்பத்துல மாப்பிள்ளைங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லம்மா. பொண்ணுதான் ஒண்ணுகூட மிஞ்சல."