அத்தானின் அமெரிக்கத் தொப்பி

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஜெர்மனியில் ஹம் நகரத்தில் தகரப் பேணித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே அமெரிக்கப் பாடகரானவர். யாராவது அதைக் 'கன்ட்ரி' பாட்டு என்றால் முகம் சுளிப்பார். தன்னுடையது அமெரிக்கானா, சொந்தமாக எழுதிப் பாடுவது என்பார். மன்னாரில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பழகிய மனிதர், டெக்சாஸ் புழுதியையும் தன்னை விட்டுப்போன குதிரையையும் நினைத்து ஆங்கிலத்தில் உருகுவார். குதிரைக்குக் கிட்டப் போகவே அவருக்குப் பயம்.

எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் பாடக் கூப்பிட்டால், தான் அந்த மாதிரிப் பாடகன் இல்லை என்று அனுப்பிவிடுவார். அந்தத் திமிரைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அவருடைய அகன்ற தொப்பியை அக்கா தூசு படாமல், பிள்ளையின் கை படாமல் துணி போட்டு மூடி வைப்பாள். நான் ஒலிபெருக்கியைக் காரில் ஏற்றி இறக்குவேன்.

யூரோ வந்த புதிதில், ஒரு கோடையில், அவருக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு கவ்பாய் சங்கம் இருந்தது. கிழமை நாட்களில் காப்புறுதி விற்கும் ஜெர்மன்காரர்கள் சனிக்கிழமைகளில் கவ்பாய்களாகவும், முகத்தில் சாயம் பூசிச் செவ்விந்தியர்களாகவும் வேஷம் கட்டிக் கூடாரத்தில் படுப்பார்கள். வளர்ந்த ஆட்கள். அவர்களுடைய விழாவில் பாட்டு பிடித்துப்போனால் கோடை முழுவதும் மேடை கிடைக்கும், தொழிற்சாலையை விட்டுவிடுவேன் என்று அத்தான் சொல்லியிருந்தார். அக்கா பயந்துபோய் இருந்தாள்.

மேடைக்குப் பின்னால் சங்கத் தலைவர் அத்தானை மேலும் கீழும் பார்த்தார். அத்தானின் தலையிலிருந்த தொப்பியைத் தானே கழற்றி என் கையில் தந்துவிட்டு, இறகுக் கிரீடம் ஒன்றை நீட்டினார். இந்த நிறத்துக்கு இதுதான் பொருந்தும் என்றார். அன்போடு சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல்.

"அத்தான், வாங்கோ, வீட்டை போவம்," என்றேன்.

"பொறு. பாட்டுத்தானே முக்கியம்," என்றார்.

இறகுகளோடு மேடையில் ஏறி, அந்தக் குதிரைப் பாட்டைப் பாடினார். ஒருவரும் பாட்டைக் கேட்கவில்லை. படத்தில் வரும் செவ்விந்தியர் மாதிரி வாயில் கையை அடித்து அடித்து ஊளையிட்டார்கள். அவர் வாழ்க்கையிலேயே பெரிய கைதட்டல் அதுதான். கோடை முழுவதும் வரச் சொன்னார்கள், இறகோடு. அத்தான் ஓம் என்றார். கலியாண வீட்டில் பாடினால் மரியாதை போய்விடும் என்ற அதே மனிதர்.

எல்லாவற்றையும் அக்கா முன்வரிசையில் இருந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தொப்பியை என்னிடமிருந்து வாங்கினாள். மூடி வைக்கத் துணி எடுக்கவில்லை.

"இதைப் பிள்ளை கார்னிவல் வேஷத்துக்குப் போடட்டும்," என்றாள், அவருக்குக் கேட்கும்படியாக.