தலைக்கு நெய்த துண்டு

இந்த ஊரில் முக்கால்வாசி வீட்டுத் தபால் பெட்டிகளில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதில் இரண்டே சொற்கள்: நே, நே. டச்சு மொழியில் நே என்றால் வேண்டாம். முதல் வேண்டாம் விளம்பர நோட்டீசுக்கு, இரண்டாவது வேண்டாம் இலவசப் பத்திரிகைக்கு. நெதர்லாந்துக்கு வந்து மூன்று வருடமாக அந்தப் பெட்டிகளைக் கடந்து கறிகாய் வாங்கப் போய் வந்திருக்கிறேன். ஆனால் என் கடைக்கான ஒரு கட்டு நோட்டீசைப் பையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பிய காலையில்தான் அந்த ஸ்டிக்கரைக் கவனித்தேன். வீட்டுக்கு வீடு வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை, யாரும் கதவைக்கூடத் திறக்கவில்லை. திருத்தணியில் ஒருவரை வேண்டாம் என்று சொல்ல வைக்கவே நாம் பத்து நிமிடம் கூடவே நடக்க வேண்டியிருக்கும். இங்கே அதை முன்கூட்டியே அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள்.

நான் துண்டுக் கடைக்காரர் மகள். திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், எங்கள் நைனாவுக்கு ஒரு கடை இருந்தது. மொட்டை அடித்துக்கொண்டு குளத்தில் முழுகி எழுந்து வருகிறவர்களுக்குத் துண்டு விற்பார். பக்கத்து ஊர்த் தறிகளில் நெய்த மெல்லிய பருத்தித் துண்டு, மஞ்சளில் சிவப்புக் கரை. தலையைத் துடைத்து, சந்தனம் பூசிக்கொண்டு, அதையே தோளில் போட்டுக்கொண்டு மலையேறுவார்கள். அந்தக் கடையிலேயே வளர்ந்ததால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாரைப் பார்த்தாலும் முதலில் தலையைத்தான் பார்ப்பேன். இங்கே கோடை வந்தால் வழுக்கைத் தலை ஆண்கள் வாய்க்கால் ஓரம் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரைத் தூக்கத்தில் பஸ்ஸில் போகும்போது அவர்களைப் பார்த்து, இவர்களுக்கு என்ன வேண்டுதலோ, துண்டு வாங்கினார்களோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டே என் நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

நைனா காலமான பிறகு கட்டடத்துக்காரர் அந்த இடத்தில் லாட்ஜ் கட்டினார். கடை போயிற்று. என் அக்கா வீட்டுக்காரர், நகரிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகனாக வந்து நைனாவோடு கடையில் நின்றவர், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அந்தச் சமயத்தில்தான் இன்டர்நெட்டில் கடை போடலாம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். பேர், பழைய பேரேதான்: பொய்கைக் கடை. பாவா அங்கிருந்து துண்டு அனுப்புவார், நான் இங்கே பார்சல் கட்டுவேன். ஒரு வருடம் பார்ப்போம், தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால் நடத்து, இல்லையென்றால் மூடிவிட்டு வேறு வேலை தேடு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் அதை மூடினால் நைனாவின் கடை என்று உலகத்தில் எங்குமே ஒன்று இருக்காது. 

விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. வீட்டிலேயே அச்சடித்த நோட்டீஸ் அந்த வேண்டாம், வேண்டாமோடு நின்றது. தமிழர்கள் கூடும் இணையக் குழுக்களில் எழுதினேன். குழந்தைக்கு முதல் மொட்டை போடுகிற இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் சில வாங்கின, அதோடு சரி. பாவா தன் பங்குக்குத் திருத்தணி கடைத்தெருவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கி, சாயம் போகாத மையில் ஒவ்வொரு துண்டின் மூலையிலும் குத்தி அனுப்பினார். ஒரு சின்ன வேல், அதன் கீழே தமிழில் ‘பொய்கைக் கடை, திருத்தணி’, அதற்கும் கீழே ஆங்கில எழுத்தில் எங்கள் இணைய முகவரி. எங்கள் விளம்பரம் மொத்தமும் அந்த மூலைக்குள் அடங்கிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் இங்கே ராணி தினம் வரும். கோனிங்கின்னடாக் என்பார்கள். அன்றைக்கு ஒருநாள் மட்டும் யார் வேண்டுமானாலும் தெருவில் துணியை விரித்து எதை வேண்டுமானாலும் விற்கலாம், வாடகையும் இல்லை, அனுமதியும் வேண்டாம். ஊரே ஆரஞ்சு நிறத்தில் உடுத்திக்கொண்டு, பழைய பொம்மையும் கோப்பையும் பரப்பிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும். எனக்கு அது கிருத்திகைக் கூட்டமாகவே தெரிந்தது. இருந்த துண்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒருவரும் குனியவில்லை. நடந்து போகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது நைனாவின் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. “செருப்ப இங்க வுட்டுட்டுப் போங்க, காசு வேணாம்.”

கோயில் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செருப்பை ஒரு கடையில் விட்டவர் திரும்பி அந்தக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தவர் சும்மா போக மாட்டார். ஒரு துண்டாவது, ஒரு பாக்கெட் விபூதியாவது வாங்குவார். கடைக்காரர் வாயைத் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதை போய்விடும். இவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்ல முடியுமா? ஆனால் ஆளுக்கொரு சைக்கிள் இருந்தது, கூட்டத்தில் அதை நிறுத்த இடமில்லாமல் உருட்டிக்கொண்டு அலைந்தார்கள். ஒரு அட்டையில், சைக்கிளை இங்கே விடுங்கள், இலவசம் என்று எனக்குத் தெரிந்த டச்சில் எழுதி வைத்தேன். உயரமான ஒருவர் நின்று, உண்மையிலேயே இலவசமா, ஏன் என்று கேட்டார். நீங்கள் திரும்பி வர வேண்டும், அதற்காகத்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திரும்பி வராமல் எங்கே போவேன், அது என் சைக்கிள் ஆயிற்றே என்றார்.

அரைமணியில் என் முன்னால் ஒரு சைக்கிள் காடே நின்றது. தூறல் போட்டது. பாதுகாக்கக் கொடுத்த பொருள் நனையலாமா? துண்டுகளை எடுத்து நாலாக மடித்து ஒவ்வொரு சீட்டின் மேலும் போர்த்தி, கீழே முடிச்சுப் போட்டேன். மஞ்சளும் சிவப்புமாக அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குக் கண் சொக்கியது. குளத்துப் படியில் ஈரத் தலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, நைனா எழுந்து துண்டை உதறுகிறார், சந்தன வாசனை வருகிறது. எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

தூறல் விட்டதும் ஒவ்வொருவராக வந்தார்கள். துண்டுக்கு அடியில் விரலை விட்டுச் சீட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், காய்ந்திருந்தது. ஆச்சரியப்பட்டார்கள், வாயாரச் சிரித்தார்கள், நன்றி என்றார்கள். பிறகு துண்டோடு ஏறி உட்கார்ந்து போய்விட்டார்கள். இலவசம் என்று நான்தானே எழுதி வைத்தேன்? இந்த ஊரில் இலவசம் என்றால் இலவசம்தான். நிறுத்திக் கேட்கலாம் என்று எழுந்தேன், கேட்டால் மரியாதை போய்விடுமே என்று திரும்ப உட்கார்ந்தேன். ஒரு வருடத்துச் சரக்கு ஒரு பிற்பகலில் தெருமுனை திரும்பிப் போய்விட்டது. வீட்டுக்காரர் கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சரி விடு, விளம்பரச் செலவு என்று வைத்துக்கொள் என்றார். மிஞ்சியது நான் முதுகில் போட்டிருந்த ஒரு துண்டு மட்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மெயில் வந்தது. ஸாடல், அதாவது சைக்கிள் சீட்டு, அதற்கான துணி நான்கு வேண்டும் என்று. மெல்லிசாக இருக்கிறது, சீக்கிரம் காய்கிறது, அலுவலக நண்பர்களும் கேட்கிறார்கள் என்று எழுதி, ஒரு படமும் வைத்திருந்தார்கள். அடுத்த நாள் இன்னும் இரண்டு மெயில். ஓடிப்போய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். காட்டும்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். மடித்த துண்டின் மூலை மேலே வந்து, சீட்டின் நட்டநடுவில் எங்கள் வேல் இருந்தது, உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் மங்கியிருந்தது.

பாவாவிடம் மறைத்திருக்கலாம். நைனா ஞாபகம் மறைக்க விடவில்லை. போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கோ காவடிக்காரர்களின் மேளம் கேட்டது.

“தலைக்குன்னு நெய்ஞ்ச துண்டு சுகுணா அது” என்றார் பாவா. “வேலு மேலயா உக்காந்துகினு போறாங்க?”

“அவங்களுக்கு அது வேலுன்னே தெரியாது பாவா. ஏதோ இலைன்னு நெனச்சிகினு இருக்காங்க.”

“ஆங். நமக்குத் தெரியுமே.”

போனை வைத்தேன். கடை பிழைக்க ஒரு வழி வந்தது, அந்த வழியும் இப்படி அடைபட்டது என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். 

“ஸ்டாம்பைப் பிளேடு வச்சி அறுத்துட்டேன்மா. வேலும் இல்ல, ஊர் பேரும் இல்ல. கடைப் பேர் தமிழ்ல இருந்ததே, அதுவும் அதோட போச்சு. உன் இன்டர்நெட் அட்ரஸ் மட்டும் கீது. நைனா கடைன்னு இனிமே ஒண்ணுத்துலயும் இருக்காது பாத்துக்க. நீ சொன்னா அனுப்புறேன்.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றால் கடையை மூட வேண்டும். அனுப்புங்கள் என்றால் கடை இருக்கும், ஆனால் அது யாருடைய கடை என்று யாருக்கும் தெரியாது. அனுப்புங்க பாவா என்று சொல்லிவிட்டு போனை வைத்து அழுதேன். நல்ல செய்திக்கு இப்படி அழுததில்லை. ஆடி மாதத்தில் இணையதளத்தின் ஒரு வருடம் முடிந்தபோது அடுத்த வருடத்துக் கட்டணத்தைக் கடையே கட்டியது. பாவா இப்போது காலையில் சட்டை போட்டுக்கொண்டு தறிக்காரர்களைப் பார்க்கக் கிளம்புகிறாராம். அக்கா சொன்னாள்.

போன வாரம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நான் சைக்கிளில் பார்சல்களோடு தபால் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ராணி தினத்தன்று மிஞ்சிய, வேல் குத்திய அந்தப் பழைய துண்டு பையில் இருந்தது. எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டேன். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண்மணி என் தலையைப் பார்த்தார், நனைந்திருந்த என் சீட்டைப் பார்த்தார். அவர் சீட்டில் வேல் இல்லாத எங்கள் வெறும் துண்டு இருந்தது. மிகவும் அன்பாக, உங்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அது தலைக்கு இல்லை, ஸாடலுக்கு என்றார். யா, யா, ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். விளக்கு பச்சையானது. என் தலையில் வேலும் முன்னால் அவர் சீட்டில் வெறும் துண்டுமாக, மழையில் அவர் பின்னாலேயே மிதித்துக்கொண்டு போனேன்.